கம்பவுண்டர் எடுத்த முகம்

எங்கள் எஸ்டேட்டில் யாருக்கு என்ன வந்தாலும் கம்பவுண்டர் முதலில் சொல்வது ஒன்றுதான். "ஒண்ணுமில்லீங்க." கொழுந்து வெட்டுகிற கத்தரி விரலில் பாய்ந்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி ஓடி வருவாள். "ஒண்ணுமில்லீங்க, உக்காருங்க" என்பார். பிரசவ வலி எடுத்தவளைக் கம்பளியில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வருவார்கள். அதற்கும் அதே பேச்சு. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலைப் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரை உதறி இறக்கிய பிறகுதான் வாயைத் திறப்பார். "லேசா சூடு இருக்குதுங்க." சும்மா சொல்லக்கூடாது, பாதி நோய் அந்தக் குரலிலேயே இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து வைத்திருந்தார். அட்டைக்கடி, அரிப்பு, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் அதைத்தான் பஞ்சில் தொட்டுத் தடவுவார். தடவிவிட்டு ஊதுவார். பெரியவர்களுக்கும் ஊதுவார்.

குன்னூருக்கு மேலே, மலை வளைவில் இருந்த எஸ்டேட் அது. நான் அங்கே பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஆட்கள் சிலோனில் இருந்து திரும்பி வரும்போது கொண்டுவந்த வார்த்தை. பிள்ளைக்காம்பராவுக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் என் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். அதனால் அந்த மனுஷனை நான் தெரிந்துகொண்ட அளவுக்கு அவர் பெண்டாட்டிகூடத் தெரிந்துகொண்டிருக்க மாட்டாள் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். எஸ்டேட் ஸ்டாஃப் எங்களைக் கூப்பிடுவது "ஏய், இங்க வா" என்றுதான். எங்கள் அப்பாவைவிட இருபது வயது குறைந்த பையன்கள்கூட "வாடா, போடா" என்பார்கள். எங்களை "ங்க" போட்டுப் பேசின ஒரே ஸ்டாஃப் இவர்தான். அப்பாவைப் பார்த்தால் "ஏனுங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். என்னை அம்மணி என்பார். அந்த "ங்க"வுக்காக நாங்கள் உயிரையே கொடுத்திருப்போம். வருஷத்துக்கு ஒரு தரம் பர்லியார் பழப்பண்ணையில் இருந்து மங்குஸ்தான் வாங்கி வந்து, என் பிள்ளைகளுக்குச் சுளை சுளையாகப் பிரித்து ஊட்டுவார். மழையில் வரும்போதும் ஷூ பளபளக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைக்கும் முன் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டுச் சூடாக்கிக்கொள்வார். இதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. எல்லாமே நிஜம்தான்.

அப்போது தேயிலைக்கு விலை விழுந்துகிடந்த காலம். ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. உரம் போடுவது நின்றது. ஆள் வைத்துக் களை வெட்டுவதும் நின்றது. அதற்குப் பதிலாக நான்கு ஆம்பளைகள் முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தால் போதும் என்றார்கள். அந்த நாலு பேரில் எங்கள் அப்பா ஒருவர். முதலில் கையுறை கொடுத்தார்கள், முகத்துக்கு மூடி கொடுத்தார்கள். கிழிந்த பிறகு வேறு வரவில்லை. பக்கத்து எஸ்டேட் மூடியே விட்டது, அங்கே ஃபேக்டரி தகரத்தைக் கழற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் டிஸ்பென்சரியில் டாக்டர் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரோஸ் மருந்துகூடத் தண்ணீராக ஓடியது. கம்பவுண்டர் மட்டும் குரலைக் குறைக்காமல் "ஒண்ணுமில்லீங்க" சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம்தான் அவருக்குக் கேமரா வந்தது. அவர் மச்சான் வெலிங்டனில் மிலிட்டரி ஆபீஸில் வேலை பார்த்தார், அவர் மூலமாக வாங்கியது. வெள்ளி நிறம், சோப்பு டப்பா அளவு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். டிஜிட்டல் கேமராவை நாங்கள் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறோம், ஆனால் இது வேறு ஜாதி. முகம் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து மஞ்சள் கட்டம் போடும். சிரித்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும். எதிரில் இருப்பது சாப்பாடா, பூவா, குழந்தையா என்று அதுவே முடிவு பண்ணி, அதற்கு ஏற்ற மாதிரி நிறத்தைக் கூட்டும், குறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, முகத்தைத் தேய்க்கும். பரு, தழும்பு, சுருக்கம், கறுப்பு எல்லாம் போய், மனுஷன் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி வந்து நிற்பான்.

"இதுக்குள்ள புத்தி இருக்குதுங்க அம்மணி" என்று என்னிடம் காட்டினார். "நாம எப்படி இருக்கோணும்னு அதுக்கே தெரியும்."

இன்றைக்கு இதற்கெல்லாம் ஏஐ என்று பேர் வைத்துவிட்டார்கள். போனிலேயே கேமரா வந்த பிறகு ஓய்ந்துபோயிருந்த சின்னக் கேமராக்கள் மறுபடி வருகிறதாம், இன்னும் பெரிய புத்தியோடு. வரட்டும். அந்தப் புத்தியோடு எனக்குச் சண்டை கிடையாது. ஏனென்றால் அந்தக் கேமராவுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. முகத்தைத் தேய்க்கச் சொல்லி எடுத்தால் அது இரண்டு படத்தை வைத்துக்கொள்ளும். தேய்த்தது ஒன்று, உள்ளது உள்ளபடி ஒன்று. பொய்யைச் சொல்லும், நிஜத்தையும் பக்கத்திலேயே வைக்கும். எது வேண்டும் என்று எடுத்தவன் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நேர்மை ஒரு சோப்பு டப்பாவுக்கு இருந்தது.

இது எனக்குத் தெரிந்ததே என் கல்யாணப் பேச்சில்தான். எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு, கன்னம் முழுக்கக் குழி. கூடலூர்ப் பக்கத்தில் ஒரு வரன் வந்தது, போட்டோ கேட்டார்கள். கம்பவுண்டர் தன் சீப்பை மருந்துத் தண்ணீரில் கழுவி என் முன்முடியைப் படிய வாரிவிட்டு, டிஸ்பென்சரி வாசலில் நிறுத்தி எடுத்தார். பிரிண்ட் வந்தது. ஐயோ, என்னை நானே கொஞ்ச வேண்டும்போல இருந்தது. ஒரு குழி இல்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு, எங்கள் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள். "இது மூத்ததா? போட்டோல இருக்க புள்ளய வரச் சொல்லுங்க" என்றாள். எங்கள் வீட்டில் நான் ஒரே பிள்ளை. தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கேமராவைத் திறந்து, அடுத்தடுத்து இரண்டு படத்தையும் காட்டினார். குழியோடு ஒரு நான், குழி இல்லாமல் ஒரு நான். "நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதானுங்க அந்தப் படத்தைக் குடுத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு ஒரு ஆம்பளை மன்னிப்புக் கேட்டால் நான் என்ன செய்வேன்? நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். பாருங்கள் கூத்தை.

அவருக்கு அடுத்தவர் வேதனையைக் கண்ணால் பார்க்க முடியாது. அதை நல்ல குணம் என்று நான் ரொம்ப நாள் நினைத்தேன். புருஷன் செத்து எட்டாவது நாள், பிராவிடண்ட் ஃபண்டு காகிதத்துக்குப் போட்டோ வேண்டும் என்று மேல் லயத்து அக்கா ஒருத்தி வந்தாள். கேமரா சிரிப்புக்குக் காத்துக்கொண்டு படம் எடுக்காமல் நின்றது. அந்தச் சிரிப்பு வேலையை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கலாம், அது அவருக்குத் தெரியும். அணைக்கவில்லை. "கொஞ்சமா சிரிங்க அக்கா. சிரிச்சா மனசுக்கும் நல்லதுதானுங்களே" என்றார். அவர் கேட்கிறாரே என்று அந்த அக்கா உதட்டை இழுத்தாள். கேமரா படத்தை எடுத்துக்கொண்டது. பலகைச் சந்து வழியாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அன்றைக்கும் அவரை நான் குறை சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. கேமரா இலையைக் கண்டால் பச்சையைக் கூட்டிவிடும், அது தொரை காதுக்குப் போயிற்று. தொரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆனாலும் எங்கள் வாயில் அந்த வார்த்தை போகவில்லை. உரம் இல்லாமல் எங்கள் தேயிலைக் காடெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. கம்பவுண்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு காடாகப் படம் எடுக்கச் சொன்னார் தொரை. படத்தில் செடி அப்படி ஒரு பச்சை, ஆட்டுக்குட்டி பார்த்தால் காகிதத்தையே மேய்ந்துவிடும். அது முதலாளிக்குப் போயிற்று. அதற்குப் பிறகு கம்பவுண்டர் அடிக்கடி பங்களாவுக்குப் போய்வந்தார். டிஸ்பென்சரியை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு கொஞ்ச நாள் அடங்கியது. "நல்லாத் தெரிஞ்சா எல்லாருக்கும் நல்லதுதானுங்களே" என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நானும் சிரித்தேன்.

ஒரு திங்கள்கிழமை காலை, அப்பாவின் முதுகு ஸ்பிரேயரில் குழாய் மாட்டுகிற இடம் பிய்த்துக்கொண்டது. மருந்து நேராக முகத்தில் அடித்தது. தண்ணீர் இருந்த ஓடை அங்கிருந்து அரை மைல். கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு அப்பா நடந்திருக்கிறார். டிஸ்பென்சரிக்கு வந்தபோது முகம் தீயில் வாட்டினமாதிரி சிவந்திருந்தது. மறுநாள் காலையில் தோல் உரிந்து, கண் இமை இரண்டும் வீங்கி, உதட்டோரம் கொப்புளம். அப்பாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அம்மா பார்க்க மாட்டேன் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"ஒண்ணுமில்லீங்க, ஒரு வாரத்துல ஆறிப்போயிடும்" என்றார் கம்பவுண்டர்.

"பரவாயில்ல டாக்டரய்யா" என்றார் அப்பா. கம்பவுண்டரை அவர் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார். "கண்ணுதான் தொறக்க ஏலாம இருக்கு."

எனக்கு ஒன்று தெரியும். எஸ்டேட்டில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு முடியாதவன் என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். வேலையில் பட்ட காயம் என்று எழுதினால், தேயிலை நாற்று வளர்க்கிற நர்சரியில் உட்கார்ந்து செய்கிற வேலையாவது கொடுத்து வைத்துக்கொண்டாக வேண்டும். விசாரணை வைத்து முடிவு செய்ய மாசக் கணக்காகும், அதற்குள் காயம் ஆறிவிடும். அதனால் அன்றைக்கே போட்டோ வேண்டும். நான்தான் கேட்டேன். கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"ஐயா, அந்த மொகம் தேய்க்கிறத அணைச்சிட்டு எடுங்க. உள்ளத உள்ளபடி எடுங்க."

"அணைச்சாச்சுங்க அம்மணி. இது விளையாட்டுங்களா?" என்றார்.

எடுத்தார். படம் விழுந்ததும் அந்தச் சின்னக் கண்ணாடியில் எனக்குக் காட்டினார். பார்த்தேன். உரிந்த தோல், கொப்புளம், வீங்கிய இமை எல்லாம் இருந்தது. ஒரே ஒரு நொடிதான், உடனே கேமராவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது போதும் என்று இருந்துவிட்டேன். முதலில் உள்ளபடி காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அது உட்கார்ந்து முகத்தைத் தேய்க்கும் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து விசாரணை. அப்பாவின் முகத்தில் தோல் மூடி, கறுப்புக் கறுப்பாகப் படை படர்ந்திருந்தது. வெயிலில் கறுத்தவன் என்றும் சொல்லலாம், குடிகாரன் என்றும் சொல்லலாம். இடது கண்ணில் பார்வை மங்கிவிட்டது. ஆபீஸ் அறையில் தொரை, கம்பெனி அனுப்பின விசாரணை ஆபீசர், ஓரமாகக் கம்பவுண்டர். அப்பா இரவல் சட்டை போட்டுக்கொண்டு கையைக் கட்டி நின்றார். நான் வாசல்படியில் நின்றேன், உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை.

ஆபீசர் ஃபைலைத் திறந்து போட்டோவை எடுத்தார். வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. வழவழவென்று ஒரு முகம். கொப்புளம் இல்லை, உரிந்த தோல் இல்லை. கண்ணில் இருந்த சிவப்பைக்கூட வெள்ளையாக்கியிருந்தது. வீக்கம் மட்டும் போகவில்லை, அது நன்றாகச் சாப்பிட்டுச் சதை போட்டமாதிரி இருந்தது. ஓரத்தில் தேதி மட்டும் சரியாக விழுந்திருந்தது.

"இது நீங்க எடுத்ததுதானே?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஆமாங்க சார்."

"சம்பவம் நடந்த மறுநாள் எடுத்திருக்கீங்க. அன்னைக்கு மொகம் இப்படித்தான் இருந்துச்சா?"

கம்பவுண்டர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தார்.

"போட்டோல இருக்கறபடிதானுங்க சார்" என்றார்.

ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். அவர் கையெழுத்தில், குண்டு குண்டாக, "லேசான எரிச்சல், மருந்து தடவப்பட்டது" என்று இருந்தது.

நான் படியில் இருந்தே கத்தினேன். "பொய்யி சார்! அந்தக் கேமரா மொகத்தத் தேய்ச்சிடும். ரெண்டு படம் வச்சிருக்கும், இன்னொண்ணு உள்ள இருக்கு. கேமராவ வாங்கிப் பாருங்க சார்!"

ஆபீசர் நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. கம்பவுண்டர் பக்கம் திரும்பி, "இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குள் எங்கள் வீடு, அப்பாவின் வேலை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. "இருக்குதுங்க" என்று ஒரு வார்த்தை. அவருடைய அந்த அழகான "ங்க"வோடு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"அழிஞ்சுபோச்சுங்க சார். கார்டு நெறஞ்சா நான் பழசை அழிச்சுடுவேனுங்க" என்றார்.

போட்டோவை அப்பா கையில் கொடுத்து, "உங்க போட்டோதானே, பாருங்க" என்றார் ஆபீசர். அப்பா அதை வலது கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்லுங்கப்பா, இது நான் இல்லை என்று சொல்லுங்க. அப்பா ஜென்மத்தில் யாரையும் பொய்யன் என்று சொன்னவரில்லை. அதுவும் தன்னை "ங்க" போட்டுப் பேசின மனுஷனை!

"நான்தான் சார்" என்றார். "டாக்டரய்யா நல்லா எடுத்திருக்காரு."

அவ்வளவுதான். வேலையில் பட்ட காயம் இல்லை, உடம்பு முடியாதவர் என்று எழுதினார்கள். மாசக் கடைசிக்குள் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். சாமான் ஏற்றிய வண்டி டிஸ்பென்சரியைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இருந்தார், எனக்குத் தெரியும். அந்தப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு வருஷம் இருந்தவள் நான், அவர் மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்கும். அப்பா மட்டும் வண்டியில் இருந்தபடி கும்பிட்டுவிட்டு வந்தார்.

குன்னூரில் சந்தைக்குக் கீழே, ஈரம் ஊறுகிற ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா ஓட்டலில் பாத்திரம் தேய்த்தாள், நான் தேயிலை பாக்கெட் போடுகிற இடத்தில் சேர்ந்தேன். அப்பாவுக்கு வெளியே போக முடியவில்லை. இடது கண்ணுக்குப் பின்னால் வலதும் மங்கியது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சம் பக்கமாக உட்கார்ந்திருப்பார். கம்பவுண்டரைப் பற்றி நான் ஏதாவது பேச ஆரம்பித்தால், "விடு புள்ள, அவுகளுக்கு என்ன கஷ்டமோ" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துரோகம் பண்ணினவனுக்குக்கூடக் காரணம் தேடிக் கொடுக்கிற மனுஷனாக இருந்தால் எப்படி உருப்படுவது? இதை அப்பாவிடம் சொல்லவும் செய்தேன்.

ஏழாவது வருஷம் அப்பா போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாள், மத்தியானம், கம்பவுண்டர் வந்தார். ரிட்டையர் ஆகி ஊரோடு போயிருந்தவர், யாரோ சொல்லிக் கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அம்மாதான் பாயைப் போட்டாள்.

பையில் இருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு போட்டோ. ஒன்று விசாரணையில் பார்த்த அந்த வழவழ முகம். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தேன். உரிந்த தோல், உதட்டோரக் கொப்புளம், திறக்க முடியாத இமை. டிஸ்பென்சரி வாசலில், அந்தச் செவ்வாய்க்கிழமை, எங்கள் அப்பா.

"அழிக்கலீங்க அம்மணி" என்றார். "அழிக்க மனசு வரலீங்க."

"இருந்துச்சா?" என்றேன். "அன்னைக்கு, அந்த ரூம்ல, உங்க பாக்கெட்லயே இருந்துச்சா?"

தலையை ஆட்டினார்.

"ஏன்யா?"

அந்த "யா" என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. அது அவருக்கு வலித்தது என்பது தெரிந்தது. வலிக்கட்டும்.

"ரிட்டையர் ஆகறதுக்கு எனக்கு நாலு வருசம் பாக்கி இருந்துச்சுங்க. அந்தப் படத்தைக் குடுத்தா அடுத்த நாளே டிஸ்பென்சரிக்குப் பூட்டுன்னு தொரை சொன்னாரு" என்றார். "அதுவுமில்லாம, உங்கப்பாவை அப்படி ஒரு கோலத்துல நாலு பேர் முன்னாடி காட்டறதுக்கு..."

"போதும். நிறுத்துங்க" என்றேன். நான்கு வருஷம் என்றதோடு நிறுத்தியிருந்தால்கூட அவரைக் கோழை என்று விட்டிருப்பேன். அப்பா மேல் இருந்த பிரியத்தில் பண்ணினேன் என்று சொல்லவந்தார் பாருங்கள், அதை என் கட்டை வேகிறவரை மன்னிக்க மாட்டேன். எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் இருக்கிறாரா இல்லையா என்று நான் யாரையும் விசாரித்ததில்லை.

பதினாறாம் நாளுக்குள் சுவரில் மாட்டப் படம் வேண்டும். அப்பாவுக்கு வேறு போட்டோ கிடையாது. வாக்காளர் அட்டையில் இருந்தது ஒரு கறுப்புப் புகைதான். உரிந்த முகத்தோடு இருந்த போட்டோவை எடுத்து, இதைத்தான் பெரிசு பண்ணி மாட்டப் போகிறேன் என்றேன். வருகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும், அந்தத் தொரைக்கும் ஒரு பிரதி அனுப்புவேன் என்று குதித்தேன்.

அம்மா என் கையில் இருந்து கவரை வாங்கினாள். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தாள். வழவழ முகத்தை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"இதப் போடு."

"அம்மா, இது பொய்யிம்மா. இதாலதான நாம வீட்ட விட்டோம்?"

"தெரியும்" என்றாள். "அந்தக் கெட்டுப்போன மொகத்தத்தான ஏழு வருசமா பாத்தேன். இனி செவுத்துலயும் அதையே பாக்கச் சொல்றியா?"

மேல் குன்னூரில் ஒரு ஃபிரேம் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியும் கறுப்புச் சட்டமும் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அப்பாங்களா? எந்த ஆபீஸ்ல இருந்தாருங்க?" என்று கேட்டார்.

"எஸ்டேட்ல மருந்து அடிச்சாருங்க" என்றேன்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார். "மொகத்தப் பாத்தா அப்படித் தெரியலீங்களே" என்றார்.

"தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன்.